துண்டு விழும் கோடிகள்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரவு செலவு

ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஃபுட்பால் என்று அமெரிக்கர்கள் சொல்வது நம் கால்பந்தை அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம் அது. ஆட்ட நாளில் அரங்கு நிரம்பி வழியும். தொலைக்காட்சிப் பணம் கொட்டும், பழைய மாணவர்கள் நன்கொடையை அள்ளித் தருவார்கள். அப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை, 2024 ஜூனில் முடிந்த நிதியாண்டில் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. செலவோ 29 கோடி டாலரைத் தாண்டியது. ஏறக்குறைய 3.8 கோடி டாலர் துண்டு விழுந்தது.

உடனே சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது, சொந்த அரங்கில் நடந்த ஆட்டங்கள் குறைந்துபோனது. 2022-ல் எட்டு நடந்தன, 2023-ல் ஆறுதான். இரண்டு சனிக்கிழமைகள் குறைந்ததற்கே இவ்வளவு பெரிய துறை ஆட்டம் கண்டது என்றால், வரவைப் பார்த்துச் செலவைத் திட்டமிட்டார்களா, செலவை முடிவு செய்துவிட்டு வரவைத் தேடினார்களா என்று கேட்கத்தானே தோன்றும்?

இந்தக் கேள்விக்கு விளையாட்டோடு தொடர்பே இல்லாத ஒருவர் முன்பே பதில் எழுதிவிட்டார். ஹோவர்ட் போவன் என்ற பொருளாதார அறிஞர் உயர்கல்விச் செலவைப் பற்றி 1980-ல் வெளியிட்ட நூலில் ஒரு விதியைச் சொன்னார். கல்லூரிகள் திரட்ட முடிந்த பணத்தையெல்லாம் திரட்டும், திரட்டியதையெல்லாம் செலவழிக்கும். ஆகவே கல்லூரியின் செலவைத் தீர்மானிப்பது தேவை அல்ல, வருமானம்தான். இலாபம் பங்கு போட முதலாளிகள் இல்லாத நிறுவனத்தில் மிச்சம் பிடிப்பதால் யாருக்கும் பெயர் கிடைப்பதில்லை. எதிரணியைத் தோற்கடித்தால் கிடைக்கிறது. போவன் சொன்னது பல்கலைக்கழகம் முழுவதுக்கும் பொருந்தும் என்றாலும், அதன் விளையாட்டுத் துறைக்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

இது புதிய நோயும் அல்ல. கார்னகி அறக்கட்டளை 1929-லேயே ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டு, கல்லூரி ஃபுட்பால் வணிகமாகிவிட்டதையும், ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் போவதையும் பட்டியலிட்டது. பத்தாண்டு கழித்து, 1939-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் தம் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியையே கலைத்தார். நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு அளிக்கப்படும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில், 1935-ல், வாங்கியவர் அந்த அணியின் ஜே பெர்வாங்கர்தான். அவ்வளவு புகழ் பெற்ற அணி போயும் பல்கலைக்கழகம் சரிந்துவிடவில்லை. ஆனாலும் மற்றப் பெரிய பல்கலைக்கழகங்கள் அந்த வழியில் வரவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது? நுழைவுச்சீட்டு, நன்கொடை, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம், சின்னம் பொறித்த சட்டை தொப்பி விற்பனை என்று வெளியிலிருந்து வருபவை ஒருபுறம். மாணவர் கட்டணம், பல்கலைக்கழகத்தின் பொது நிதி, சில மாநிலங்களில் அரசுப் பணம் என்று உள்ளிருந்து வருபவை மறுபுறம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை எந்தக் கணக்கும் விளங்காது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் உறுப்புக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகளுக்கு வந்த மொத்த வருமானம் 1,890 கோடி டாலர். ஆனால் தாமாக ஈட்டிய பணத்தில் செலவை ஈடுகட்டியவை, தமக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்புகளில் மிகப் பெரிய ஐந்தைச் சேர்ந்த 65 பல்கலைக்கழகங்களில் 25 மட்டுமே. மீதியுள்ளவை உள்ளிருந்து பணம் எடுத்துத்தான் கணக்கை நேர் செய்தன.

தொலைக்காட்சிப் பணம் பெருக்கெடுத்தது 1984-க்குப் பிறகு. அதுவரை எந்தக் கல்லூரியின் ஆட்டம் எத்தனை முறை ஒளிபரப்பாகலாம் என்பதை என்.சி.ஏ.ஏ.வே முடிவு செய்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்த ஏகபோகத்தை உடைத்தது. அன்றிலிருந்து ஃபுட்பால் உரிமையைக் கூட்டமைப்புகள் தாங்களே விற்கின்றன. பிக் டென் கூட்டமைப்பு 2022-ல் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். ஃபுட்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்கு 2026 முதல் ஆறாண்டுக்கு 780 கோடி டாலர். பசிபிக் கரையில் நூறாண்டுப் பாரம்பரியம் கொண்ட பேக்-12 கூட்டமைப்பிலிருந்து பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறியதும் இந்தப் பணத்தைத் தேடித்தான். அவற்றில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. அதற்காக முதல் ஏழாண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கில் சுமார் 30 விழுக்காடு மட்டுமே வாங்கிக்கொள்ளச் சம்மதித்தன. கலிஃபோர்னியா மாணவிகள் கைப்பந்து ஆட நாட்டின் மறுகோடிக்குப் பறக்கிறார்கள். அந்தப் பயணச் செலவும் இதே கணக்கில்தான் ஏறுகிறது.

சிறிய கல்லூரிகளுக்கு இன்னொரு வருமானம் உண்டு. பெரிய அணியின் அரங்குக்குப் போய், அவர்களின் இரசிகர்கள் முன்னால் தோற்றுவிட்டு வருவதற்கு ஒப்புக்கொண்ட தொகை. 2007-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 4 லட்சம் டாலர் தந்து அழைத்தது. வந்த அணி 34-32 என்று வென்றுவிட்டுப் போனது. 2024-ல் நோட்டர் டேம் 14 லட்சம் டாலர் தந்து அழைத்த நார்தர்ன் இல்லினாய் 16-14 என்று வென்றது. இத்தகைய வெற்றிகள் அபூர்வம். பெரும்பாலும் சிறிய கல்லூரியின் இளைஞர்கள் தம்மைவிடப் பலசாலிகளிடம் அடிபட்டு, தம் கல்லூரியின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியை நிரப்பிவிட்டு வருகிறார்கள். வரவேட்டின் எல்லா வரிகளிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான்.

இனிச் செலவு. பெரிய துறைகளில் பயிற்சியாளர் சம்பளமும் கட்டடமும்தான் மிகப் பெரும் பங்கை விழுங்குகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்லர். ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். என்.சி.ஏ.ஏ.வுக்குக் கல்லூரிகள் ஆண்டுதோறும் அனுப்பும் நிதி அறிக்கையில் வேலை நீக்க இழப்பீட்டுக்கென்றே தனி வரி இருக்கிறது. அந்த வரியின் கனத்தை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் உலகுக்குக் காட்டியது. ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரைப் பத்தாண்டு, 7.5 கோடி டாலர், முழு உத்தரவாதம் என்று அழைத்து வந்தார்கள். 2021-ல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டித்தார்கள். 2023 நவம்பரில், எதிர்பார்த்த வெற்றி வரவில்லை என்று விலக்கினார்கள். விலக்கியதற்கான விலை ஏறத்தாழ 7.6 கோடி டாலர். ஒரு பகுதியை 60 நாளுக்குள் கொடுத்துவிட்டு, மீதியை 2031 வரை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போனாலும் தொகை குறையாது. இவ்வளவுக்கும் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. அவர்கள் நீட்டிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். கேட்க வேண்டியது நீட்டியவர்களை.

இப்படிப்பட்ட வேளைகளில் நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் பதில், “இது நன்கொடையாளர் பணம், கல்விப் பணத்தில் கை வைக்கவில்லை” என்பது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஒருவரின் வாசலுக்கு மூன்று துறைகள் போய்க் கேட்கும்போது, ஒரு துறைக்குக் கொடுத்தது மற்ற இரண்டுக்கும் போகாமல் போவதும் உண்டு. நன்கொடைக்குப் பின்னால் வரிச்சலுகையும் இருக்கிறது. நல்ல இருக்கை வேண்டுமானால் நன்கொடை கொடு என்று கல்லூரிகள் கேட்டு வாங்கிய தொகையில் 80 விழுக்காட்டுக்கு 2017 வரை வருமான வரி விலக்கு இருந்தது. அந்த ஆண்டின் வரிச்சட்டம்தான் அதை நீக்கியது. அரங்கில் உட்கார்ந்தவரின் சீட்டுக்கு, அரங்கையே பார்க்காத வரி செலுத்துவோரும் இத்தனை காலம் பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

கட்டடங்களின் கதைக்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தரக் கூடாது என்பது பல்லாண்டு விதியாக இருந்தது. கையில் பணம் தர முடியவில்லை. ஆனால் நல்ல இளைஞர்களைத் தம் பக்கம் இழுத்தாக வேண்டியிருந்தது. எனவே பணம் அவர்களைச் சுற்றியுள்ள சுவர்களில் கொட்டப்பட்டது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017-ல் 5.5 கோடி டாலரில் திறந்த ஃபுட்பால் வளாகத்தில் சறுக்குமரம், சிறு கோல்ஃப் திடல், பௌலிங் தடங்கள் எல்லாம் உண்டு. ஒருவர் கட்டினால் அடுத்தவரும் கட்டுவார். யாரும் முந்தவில்லை, எல்லாருக்கும் கடன் மட்டும் ஏறியது.

பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1923-ல் கட்டிய அதன் அரங்கு ஹேவர்டு நிலப்பிளவின் மேலேயே நிற்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அதைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் உண்மையானது. புதுப்பித்து 2012-ல் திறந்தார்கள். அரங்குக்கு மட்டும் 32 கோடி டாலர். பக்கத்தில் எழுந்த பயிற்சி நிலையத்தையும் சேர்த்தால் 47 கோடி. கடனை அடைக்க அவர்கள் நம்பியது, இருக்கை உரிமையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே விற்கும் திட்டத்தை. நடு இருக்கைகளுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேலும் விலை வைத்தார்கள். 2008-ன் பொருளாதாரச் சரிவு வந்தது, அணியும் தோற்றது, எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை. வட்டி மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி டாலர். கடன் முற்றிலும் தீர அடுத்த நூற்றாண்டு பிறக்க வேண்டும். கடைசியில் நிலநடுக்கப் பாதுகாப்புக்கான பகுதியைப் பல்கலைக்கழகம் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. இந்தத் திட்டத்தை வகுத்த எவரும் கெட்ட எண்ணத்தோடு வகுக்கவில்லை. நல்ல ஆண்டுகளின் வரவை நிரந்தர வரவாக எண்ணிக் கடன் வாங்கினார்கள். விளையாட்டில் நல்ல ஆண்டு எப்போதும் நீடிப்பதில்லை என்பது சிறுவர்க்கும் தெரியும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துண்டு விழுவதாகச் சொல்லும் எல்லாத் துறையும் உண்மையில் நட்டத்தில் இல்லை. காரணம், உதவித்தொகைக் கணக்கு. ஆட்டக்காரர் ஒருவருக்கு இலவசக் கல்வி தரும்போது, விளையாட்டுத் துறை முழுக் கட்டணத்தையும் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்துவதாகக் கணக்கு எழுதுகிறார்கள். ஐம்பதாயிரம் டாலர் கட்டணம் என்றால் ஐம்பதாயிரமும் செலவு. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வகுப்பில் இன்னொரு மாணவர் உட்கார்வதால் பல்கலைக்கழகத்துக்கு ஆகும் கூடுதல் செலவு அதில் ஒரு சிறு பகுதிதான். மீதி, ஒரே வீட்டுக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறிய பணம். ஆண்டி ஷ்வார்ஸ் போன்ற பொருளாதார வல்லுநர்கள் இதைத் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். பர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம் 2014 டிசம்பரில் செலவைக் காட்டி ஃபுட்பாலை நிறுத்தியபோது, இந்தக் கணக்கே விவாதத்தின் மையமானது. நகரமும் பழைய மாணவர்களும் எழுந்து பணம் திரட்டினார்கள். ஆறே மாதத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது; 2017-ல் அணி மீண்டும் களம் இறங்கியது.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது உதவித்தொகை வரிக்கு மட்டும் பொருந்தும். பயிற்சியாளர் சம்பளம், கடன் வட்டி, தனி விமானம் ஆகியவை கைமாறும் மெய்ப்பணம். ஃபுட்பால் வெற்றியால் சேர்க்கை விண்ணப்பங்கள் பெருகும் என்பதும் அடிக்கடி சொல்லப்படும். 1984-ல் பாஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி கடைசி நொடியில் வீசிய பந்தோடு அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடின. ஆனால் ஒருவர் வெல்ல ஒருவர் தோற்றாக வேண்டிய ஆட்டத்தில், அத்தனை கல்லூரிகளும் இதையே எதிர்பார்த்துச் செலவழிக்க முடியாது.

துண்டு விழுந்தால் யார் நிரப்புகிறார்கள்? நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள். விர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கென்று ஒவ்வொரு மாணவரும் செலுத்தும் கட்டாயக் கட்டணம் ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. ஒரு ஆட்டமும் பார்க்காதவரும், பகுதிநேர வேலை பார்த்துப் படிப்பவரும், கடன் வாங்கிப் படிப்பவரும் இதைச் செலுத்துகிறார்கள். அந்த மாநிலம் 2015-ல் ஒரு நல்ல சட்டம் செய்தது. விளையாட்டுக்கான பணத்தில் மாணவர் கட்டணம், பல்கலைக்கழக மானியம் ஆகியவற்றின் பங்கு பெரிய கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களில் 20 விழுக்காட்டையும், அடுத்த நிலை ஃபுட்பால் பல்கலைக்கழகங்களில் 55 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றது. 55 என்பதே மிக அதிகம். ஆனாலும் வரம்பு என்று ஒன்று இருப்பது இல்லாததைவிட மேல்.

பெரிய கூட்டமைப்பில் இடம் பிடித்தால் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் 2014-ல் பிக் டென்னில் சேர்ந்தது; பெருந்தொற்று அடித்த 2021 நிதியாண்டில் அதன் பற்றாக்குறை 7 கோடி டாலரைத் தாண்டியது. லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வுக்கு 2024 நிதியாண்டில் 5 கோடிக்கு மேல். ஆறாண்டில் சேர்ந்தது 20 கோடிக்கு மேல்.

சிறு விளையாட்டுகள் அடுத்த பலி. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் தன் 36 விளையாட்டுகளில் 11-ஐ நிறுத்தப் போவதாக அறிவித்தது. துடுப்புப் படகு, மல்யுத்தம், வாள்வீச்சு, ஆடவர் கைப்பந்து போன்றவை. 240 பேருக்கு மேற்பட்ட மாணவ மாணவியரின் எதிர்காலம் ஒரு கடிதத்தில் முடிந்தது. இவற்றை நிரந்தரமாகக் காக்க 20 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்றது நிர்வாகம். பழைய மாணவர்கள் திரண்டு போராடினார்கள், மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 மே மாதம் பதினொன்றும் மீட்கப்பட்டன. அமெரிக்காவின் ஒலிம்பிக் அணியில் பெரும்பாலோர் கல்லூரி விளையாட்டில் வளர்ந்தவர்கள் என்பதை நினைத்தால், இந்தச் சிறு விளையாட்டுகளின் இழப்பு ஒரு கல்லூரியோடு நிற்பதில்லை.

விளையாட்டு உதவித்தொகையே தராத, என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே அணி என்பது சேர்க்கைக்கான வழி. நூறு பேர் ஃபுட்பால் ஆட வந்தால், நூறு பேரின் கல்விக் கட்டணமும் உடன் வருகிறது.

இப்போது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருப்பது ஆட்டக்காரர் பங்கு. 2021-ல், ஆட்டக்காரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயராலும் படத்தாலும் விளம்பர வருமானம் ஈட்டலாம் என்றானது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், ஆட்டக்காரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கான ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டில் 280 கோடி டாலர். இப்போது ஆடுபவர்களுக்கு 2025-26-ல் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். பல இடங்களில் பேசப்படும் பங்கீடு: ஃபுட்பாலுக்கு 75 விழுக்காடு, ஆடவர் கூடைப்பந்துக்கு 15, மகளிர் கூடைப்பந்துக்கு 5, மற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 5. கல்வியில் பால் வேறுபாட்டைத் தடைசெய்யும் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்தப் பங்கீடு ஒத்துப்போகுமா என்ற கேள்வியும் எழுந்தது.

உழைத்தவருக்கு ஊதியம் என்பதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அது நூறாண்டு தாமதம். ஆனால் புதிய செலவுக்காகப் பழைய செலவு எதுவும் குறைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. டென்னசி பல்கலைக்கழகம் நுழைவுச்சீட்டில் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் வைத்தது. கென்டக்கி தன் விளையாட்டுத் துறையைத் தனி நிறுவனமாக்கியது. கலிஃபோர்னியாவின் கால் பாலி, இந்தச் சமரசத்தைக் காரணம் காட்டி, 2025 மார்ச்சில் நீச்சல் அணிகளை மூடியது. பென்சில்வேனியாவின் சிறிய செயின்ட் ஃபிரான்சிஸ் முதல் பிரிவிலிருந்தே விலகி மூன்றாம் பிரிவுக்குப் போவதாக அறிவித்தது. ஆட்டக்காரருக்குப் போகும் பங்கு பயிற்சியாளரின் உத்தரவாத ஒப்பந்தத்திலிருந்தும், அடுத்த கட்டடத்திலிருந்தும் வர வேண்டும். நீச்சல் வீராங்கனையிடமிருந்தும், மாணவரின் கட்டணச் சீட்டிலிருந்தும் வருகிறது என்றால் அது நியாயம் ஆகாது. உத்தரவாத ஒப்பந்தங்களுக்கு வரம்பு, மாணவர் கட்டணத்துக்கு மாணவர்களின் வாக்கெடுப்பு, கடன் வாங்குமுன் பொது விசாரணை: இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை நூறு கோடி வந்தாலும் துண்டு விழுந்துகொண்டேதான் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். பலர் வங்கிக் கடனில். விளையாட்டுக்கான கட்டாயக் கட்டணம் வசூலிக்கும் இடமாக இருந்தால், அதற்கும் சேர்த்துத்தான் இங்கே வட்டி கட்டப்படுகிறது. கல்லூரி விளையாட்டுச் சீர்திருத்தத்துக்காகச் செயல்படும் நைட் ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில், முதல் பிரிவில் ஆடும் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகளுக்கு பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது என்பது இலவசமாகக் கிடைக்கிறது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன், அந்தக் கணக்கையும் கட்டண விவரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.